உங்களுக்குத் தெரியுமா? மருந்துப் புட்டியின் இரண்டெழுத்து

ஓசூர்ப் பசுமைக்குடில்களில் ரோஜாவுக்கு அடிக்கும் மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘இ.சி.’, ‘டபிள்யூ.பி.’ என்று போட்டிருக்கும். மருந்து எந்த வடிவில் இருக்கிறது என்பதற்கான குறி அது. இ.சி. கரைப்பானில் கலந்தது, தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும், தோல் வழியே சுலபமாக உடம்பில் இறங்கும். கையுறை போடாமல் மூடியையே திருகக் கூடாது. டபிள்யூ.பி. நனையும் தூள், கலக்கும்போது பறப்பது நேரே மூக்குக்குத்தான் போகும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, முகக்கவசம் வேண்டும்.

லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் நிறம் நச்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின் ஏற்பாடு இது. பச்சை என்றால் இயற்கை மருந்து என்று அர்த்தமில்லை. மூடிய குடிலில் அடித்தால், காற்றோட்டம் விட்டு, லேபிளில் சொன்ன நேரம் கழிந்த பிறகே பூப்பறிக்க ஆள் இறங்கலாம்.