சாளை என்று எழுதினால் சென்னைக்காரர் வருவாரா?

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான இனயத்தில் கருவாடு விற்கிற ஒரு அக்கா வெப்சைட் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடல், வள்ளம், அஸ்தமனம் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுளில் தேடினால் வருவதில்லை. போட்டுக்கொடுத்த தம்பி, "எஸ்இஓ பண்ணணும்க்கா, அதுக்குத் தனிக் காசு" என்கிறார். தேடலில் பக்கத்தை முன்னே வரவைக்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் காசை எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு சாயா குடித்துக்கொண்டே விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

கூகுள் லிங்க் லிங்காகப் பிடித்துப் போய்ப் பக்கங்களைப் படிக்கிறது, படித்ததைச் சேர்த்து வைக்கிறது, யாராவது தேடினால் அதிலிருந்து பொருத்தமானதை எடுத்துக் காட்டுகிறது. அந்தச் சேமிப்பிலேயே நம் பக்கம் இல்லை என்றால் மற்றதெல்லாம் வீண். தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் வெப்சைட் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா? வேர்ட்பிரஸில் செய்த சைட் என்றால் அமைப்புகளில் ஒரு கட்டம் இருக்கும்: தேடுபொறிகளை வரவிடாதே என்று சொல்லும் கட்டம். வேலை நடக்கும்போது அதில் டிக் போட்டுவிட்டு, முடிந்ததும் எடுக்க மறந்துபோவது சாதாரணமாக நடப்பதுதான்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. நம் கரையில் சாளை. சென்னையில் அதுவே மத்தி. நாம் நெத்தோலி என்போம், அவர்கள் நெத்திலி என்பார்கள். அக்காவின் பக்கத்தில் சாளை மட்டும் இருந்தால், மத்திக் கருவாடு தேடுகிறவருக்கு அது அகப்படுவது சந்தேகம். கூகுள் ஓரளவு ஊகிக்கும். ஆனால் வட்டாரப் பேச்சு விஷயத்தில் அந்த ஊகத்தை நம்பிக் கடை நடத்த முடியாது. "சாளை (மத்தி) கருவாடு, உப்பு குறைவு, அரைக் கிலோ" என்று இயல்பாக எழுதிவிட்டால் தீர்ந்தது. தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களும் ஏராளம். அந்த வடிவமும் ஓரிடத்தில் இருக்கட்டும். அதற்காக ஒரே சொல்லை நாற்பது தடவை எழுதக் கூடாது, கூகுள் அதைக் குப்பை என்றே பார்க்கும். விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'முகப்பு' என்று விட்டுவிடாமல், என்ன பொருள், எந்த ஊர் என்று இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் இனயத்தைச் சிலர் 'ஐ' எழுத்தில் தொடங்குகிறார்கள், சிலர் 'ஈ' எழுத்தில். போதாததற்கு, 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இங்கே துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது, மீனவர்கள் எதிர்த்தார்கள், நாளிதழ்கள் எழுதித் தள்ளின. வெறும் ஊர்ப் பெயரில் அந்தச் செய்திகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஊரும் பொருளும் சேர்ந்து தேடுகிறவர்தான் நம் ஆள். இரண்டு எழுத்து முறையும் பக்கத்தில் இருந்தால் போதும்.

கருங்கல்லிலிருந்தோ குளச்சலிலிருந்தோ பைக்கில் வருகிறவருக்கு வெப்சைட்டே வேண்டாம், மேப் போதும். கடையை மேப்பில் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். தேடியதற்குப் பொருத்தம், தூரம், பேர் தெரிந்த கடையா என்ற மூன்றையும் வைத்தே வரிசை அமைகிறது என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. கடை திறக்கும் நேரம், சரியான போன் நம்பர், நேற்று எடுத்த படம், வாங்கியவர்கள் எழுதிய கருத்து, இதெல்லாம் நம் கையில். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரையும் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடவைப்பது விதிக்கு விரோதம், படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

இனி அந்தத் தம்பி கேட்ட காசு. "கீவேர்ட் டேக் போட்டுத் தாறேன்" என்று அதற்குக் கட்டணம் சொன்னால் கொடுக்காதீர்கள். பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவைக்கும் அந்தச் சொற்பட்டியலை வரிசைப்படுத்தப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. "முதல் இடம் கியாரண்டி" என்றால் சாயாவுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். விளம்பரத்துக்குத்தான் கூகுள் காசு வாங்குகிறது, சாதாரண முடிவுகளில் இடம் விற்பதில்லை. செய்த மாற்றம் தெரியச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

நல்ல ஆள் கிடைத்து வேலை கொடுத்தாலும், சர்ச் கன்சோல் என்ற இலவசக் கணக்கை அக்காவின் ஜிமெயிலிலேயே திறக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைத் தேடி ஆள் வந்தார்கள் என்று அதில் தெரியும். டொமைனும், அதாவது வெப்சைட் முகவரியும், அக்கா பெயரில்தான் இருக்க வேண்டும்.