வெட்டப்பட்ட முத்தம்

1997 ஜனவரியில் ஒளிபரப்பான அத்தியாயம் அது. போர்வீராங்கனை ஜீனா இறந்துவிட்டாள். அவள் ஆவி ஆட்டோலிகஸ் என்ற திருடனின் உடலுக்குள் புகுந்திருக்கிறது. கண்ணை மூடி என்னை நினைத்துக்கொள் என்று தோழி கேப்ரியலிடம் சொல்கிறாள். கேப்ரியலின் மனவெளியில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். முகங்கள் நெருங்குகின்றன. உதடு படவேண்டிய நொடியில் ஷாட் மாறுகிறது: கேப்ரியல் முத்தமிட்டுக்கொண்டிருப்பது ஆட்டோலிகஸை!

‘ஜீனா: வாரியர் பிரின்சஸ்’ தொடர் முழுக்க ஆடிய ஆட்டம் இதுதான். கிட்டே கொண்டுபோவார்கள், வெட்டிவிடுவார்கள். நியூசிலாந்தில் எடுத்த இந்த அமெரிக்கத் தொடர் 1995 முதல் 2001 வரை 134 அத்தியாயங்கள் ஓடியது. ஜீனாவாக லூசி லாலெஸ், கேப்ரியலாக ரெனே ஓ'கானர். பழைய பாவங்களுக்குப் பிராயச்சித்தம் தேடி அலைகிறாள் ஒருத்தி. கிராமத்தை விட்டு அவளோடு கிளம்பி, அவள் கதையை எழுதிவைக்கிறாள் இன்னொருத்தி. இருவர் வாழ்விலும் ஆண்கள் வந்தார்கள். கேப்ரியலுக்குக் கல்யாணமே நடந்து, கணவன் உடனே கொல்லப்பட்டான். வழித்துணை மட்டும் மாறவேயில்லை.

இந்த மாறாத துணையைக் காதலாகப் படித்தவர்களில் பெண்களை நேசிக்கும் பெண்கள் ஏராளம். தங்களைப் போன்ற ஒருத்தியை அன்றைய டிவியில் அவர்கள் பார்த்ததே அபூர்வம். ‘எல்லன்’ தொடரின் நாயகி தன்னை லெஸ்பியன் என்று அறிவித்ததே 1997 ஏப்ரலில்தான். அதனால் ஒரு பார்வையை, ஒரு தொடுகையைக்கூட விடாமல் கவனித்தார்கள். கதை கதையாக எழுதினார்கள். தயாரிப்புக் குழுவுக்கும் இது தெரியும். ரசிகர் கதைகளால் பெயர்பெற்ற மெலிசா குட் என்பவரை அழைத்து ஆறாவது சீசனுக்குத் திரைக்கதையே எழுதவைத்தார்கள். ஆனாலும் ‘காதலர்கள்’ என்று வாய்திறந்து சொல்லவில்லை.

நட்பை நட்பாகவே விட்டுவிடக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நட்பு காதலுக்குக் கீழ்ப்படி அல்லதான். ஆனால் ஓர் ஆணும் பெண்ணும் இரண்டு காட்சியில் சேர்ந்து வந்தாலே ஜோடி சேர்த்துவிடுகிறோமே, அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை. இரண்டு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தாலும் சாட்சி போதவில்லை என்கிறோம். ரசிகைகள் இல்லாததைக் கற்பித்தார்கள் என்று நான் நம்பவில்லை. எல்லாரும் பார்த்த காட்சிகளைத்தான் அவர்களும் பார்த்தார்கள், இன்னும் கூர்ந்து.

கடைசிக் கதை ஜப்பானில் நடக்கிறது. சக்தி தரும் ஊற்றின் நீரைக் கேப்ரியல் தன் வாயில் ஏந்தி, ஆவியாக நிற்கும் ஜீனாவின் வாய்க்குள் ஊட்டுகிறாள். இம்முறை ஷாட் மாறவில்லை. அந்தக் காட்சிக்குப் பிறகு தனக்குச் சந்தேகமே இல்லை, அவர்கள் தம்பதியர்தான் என்று லூசி லாலெஸே பின்னர் பேட்டியில் சொன்னார். ஆனால் 40,000 ஆன்மாக்களின் விடுதலைக்காக ஜீனா உயிர் திரும்ப மறுத்துவிடுகிறாள். ஆறு வருடம் காத்திருந்தவர்களுக்கு முத்தத்தையும் மரணத்தையும் ஒரே கையால் கொடுத்தது கொடுமை. கொதித்துப்போன ரசிகைகள் மறுபடி எழுத உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கதைகளில் ஜீனா உயிரோடு திரும்பினாள்.