வாயுப்பிடிப்பு என்று வாளாவிருக்கலாமா?

விடியற்காலை நான்கரை மணி. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு நெஞ்சில் ஏதோ கனம், முதுகில் வலி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. "வாயுப்பிடிப்பாக இருக்கும்" என்று சுக்குக் கஷாயத்தைக் குடித்துவிட்டு உலையேற்றுகிறாள். பிள்ளைகள் பொத்தேரி நிலையத்தில் ரயிலைத் தவறவிடக் கூடாதே என்பதுதான் அவளது கவலை. நம் இல்லங்களில் இது புதிய காட்சியன்று. ஆயின், அந்த 'வாயு' மாரடைப்பாகவும் இருக்கக்கூடும்.

மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பற்றிக்கொண்டு சாயும் ஆண்மகனையே நாம் நினைக்கிறோம். பெண்களுக்கும் நெஞ்சு வலியே முதன்மையான அறிகுறி. ஆனால் அத்துடன் மூச்சுத்திணறல், குமட்டல், காரணமற்ற அயர்ச்சி, தாடையிலோ கழுத்திலோ முதுகிலோ வலி ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. சிலருக்கு நெஞ்சு வலியே இராது. மாதவிடாய் நின்றபின் ஆபத்து பெருகுகிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளோரும், கருவுற்றிருந்தபோது இரத்தக் கொதிப்பு கண்டோரும் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதே மாரடைப்பு. நேரம் செல்லச் செல்லத் தசை மடிகிறது. மடிந்த தசை மீண்டும் உயிர்பெறாது. ஆதலால் "அவர் வேலையிலிருந்து வரட்டும்" என்று காத்திருத்தல் ஆகாது. நோயாளியை நடக்கவிடாமல், இருசக்கர வண்டியில் ஏற்றாமல், 108-ஐ அழைக்க வேண்டும். தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் இந்த ஊர்திக்குக் கட்டணம் இல்லை. பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரமே பெரிய மருத்துவமனை உண்டு. தெற்கே செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களுக்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளை அளித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது.

மருத்துவமனையை அடைந்ததும், "மாரடைப்போ என அஞ்சுகிறோம், இ.சி.ஜி. எடுங்கள்" என்று தயங்காமல் கூறுவோம். வந்த 10 நிமிடங்களுக்குள் அதை எடுத்துப் பார்ப்பதே முறை. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால், மீண்டும் எடுப்பதும் 'டிரோபோனின்' என்னும் இரத்தப் பரிசோதனையும் தேவை. அடைப்பு உறுதியானால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியோ, பலூன் கொண்டு குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ உயிர் காக்கும்.

வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் அறிபவள் தாய். தன் வலியை மட்டும் அவள் சொல்லமாட்டாள். ஆகவே அவள் முகம் வாடும்போது நாமே கேட்போம், கேட்டதும் புறப்படுவோம். உலை காத்திருக்கலாம், இதயம் காத்திராது.