மாத இலக்கும் மனசாட்சியும்

அலுவலகத்தில் ஒரு முறைகேடு வெளிப்பட்டால், அது யாரோ ஒரு பேராசைக்காரரின் வேலை என்று நாம் உடனே முடிவுகட்டிவிடுகிறோம். எப்போதும் அப்படியல்ல.

பணியிடத் தவறுகளை அவற்றின் நோக்கத்தைக் கொண்டு மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள் யோவ் வார்டி, யோவாஷ் வீனர் என்ற ஆய்வாளர்கள் (1996). தன் ஆதாயத்திற்காகச் செய்வது ஒன்று. கெடுதல் செய்யவேண்டும் என்றே செய்வது மற்றொன்று. மூன்றாவது வகைதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது: நிறுவனத்தின் நன்மைக்காகச் செய்யப்படும் தவறு. பொய்க்கணக்கு எழுதும் எழுத்தர், தம்மை நன்றியுள்ள ஊழியராகவே எண்ணிக்கொண்டிருக்கலாம்!

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்கவேண்டும் என்பது அங்கே குறிக்கோள். அதை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகள் தொடங்கப்பட்டன. கடன் அட்டைகள் பெறப்பட்டன. சிலர் தம் உறவினர்களிடமே கெஞ்சிக் கணக்குத் தொடங்கவைத்ததாக 2013இல் ஒரு நாளிதழ் எழுதியது. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 5,300 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். இத்தனை பேரும் பிறவிப் பொய்யர்களா?

மனித விழுமியங்களைப் பத்தாக வகுத்த உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ், அதிகாரத்தையும் சாதனையையும் ஒரு பக்கம் வைத்தார். பிறர்நலத்தை எதிர்ப்பக்கம் வைத்தார். ஒன்றை முழுமூச்சாக நாடும்போது மற்றது பின்னுக்குப் போகும் என்பது அவர் கருத்து. பிறர்நலத்தை உயிராய் மதிப்பவர் இப்படிப்பட்ட வங்கியில் அமர்ந்தால் என்ன ஆவார்? வேலைப்பளுவைவிட, தாம் நம்பாத ஒன்றைத் தினமும் செய்யும் வேதனையே அவரை அதிகம் வாட்டும். தூக்கம் கெடும், வீட்டில் எரிந்துவிழுவார். ஆக, நல்ல விழுமியங்கள் இருந்தால் மன அமைதி தானே வரும் என்பது பாதி உண்மைதான். கெட்டுப்போன பணியிடத்தில் அதிகம் நோவது நல்லவருக்கே. அவர் விலகிப் போனால், எதையும் தாங்கிக்கொள்பவர்களே அங்கு மிஞ்சுவார்கள்.

பேசத் துணிந்தவர்களும் உண்டு. சந்தேகத்துக்குரிய மோசடிகளை மேலிடத்துக்குத் தெரிவித்த அவ்வங்கியின் மேலாளர் ஒருவர் வேலை இழந்தார். அவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு 2017இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஆணையிட்டது.

வேலைக்காக மனிதர் அல்ல, மனிதருக்காகவே வேலை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் விளக்கியிருந்தார். நம்மில் மேலாளர்களாய், கடை முதலாளிகளாய் இருப்பவர்கள் மாத இலக்கை எழுதும் முன் அதை ஒருமுறை படிக்கலாம். வெல்ஸ் ஃபார்கோ தன் கிளை ஊழியர்களுக்கான விற்பனை இலக்குகளைக் கைவிட்டது, அபராதத்துக்குப் பின்னர்தான்.