சூறாவளிக்குக் காரணம் யாது?

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. குன்றுகள் அரணாக நின்று காப்பினும், வங்கக் கடலிற் பிறக்கும் சூறாவளிகள் இக்கரையை விட்டுவைத்ததில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையைக் கடந்தே அங்குச் சென்றது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் ‘புரெவி’ திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. இத்தகைய வேளைகளில் மக்கள் வினவுவது ஒன்றுண்டு: புவி வெப்பமடைந்ததுதான் இதற்குக் காரணமோ?

இவ்வினாவுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடையிறுத்தல் அரிது. புகைபிடியாதவருக்கும் நுரையீரற் புற்றுநோய் வருவதுண்டு. ஒருவருடைய நோயை மட்டும் நோக்கிப் புகையிலையே காரணம் என அறுதியிட இயலாது. ஆயினும், புகைப்போரிடையே அந்நோய் பன்மடங்கு மிகுதி என்பதை எண்ணிக்கை காட்டிவிடுகிறது. புயல், மழை, வெயில் ஆகியவற்றுக்கும் இந்நெறியே பொருந்தும்.

அறிஞர் இரண்டு உலகங்களை ஒப்பிடுகின்றனர். ஒன்று நாம் வாழும் உலகம். மற்றது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வெப்பத்தை ஏற்றாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய உலகம். இரண்டாவதைக் கணினியிற் கணித்தறிவர். நீண்டகால அளவீடுகளும் துணைபுரியும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெருமழை அவ்வுலகில் 300 ஆண்டுக்கு ஒருமுறையும் நம் உலகில் 100 ஆண்டுக்கு ஒருமுறையும் பெய்யுமாயின், வாய்ப்பு மும்மடங்காயிற்று. அத்தகைய மூன்று மழைகளுள் இரண்டை வெப்பத்தின் கணக்கில் எழுதலாம். எந்த இரண்டு என்பதை மட்டும் எவராலும் சொல்லவியலாது.

2003இல் ஐரோப்பாவை வாட்டிய கடுங்கோடையை இவ்வாறு ஆராய்ந்தோர், மனிதர் செயலால் அதன் வாய்ப்புக் குறைந்தது இருமடங்காகியிருக்கக்கூடும் என 2004இல் அறிவித்தனர். 2015 டிசம்பர் 1ஆம் நாள் சென்னையை மூழ்கடித்த மழையோ வேறு விடை தந்தது. திருகோணமலைக்கு நீர் தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றின் மழை அது. மனிதர் ஏற்றிய வெப்பம் அம்மழையின் வாய்ப்பைக் கூட்டியதற்குத் தெளிவான சான்று ஆய்வில் அகப்படவில்லை.

வேண்டிய விடையை அன்றி, கிடைத்த விடையைக் கூறுவதே இம்முறையின் சிறப்பு. வெயிலைக் கணிப்பது எளிது. மழை அதனினும் கடிது. அரிதாய் வரும் சூறாவளி மிகக் கடிது. எனினும் இக்கணக்கை நாம் புறக்கணித்தலாகாது. எல்லாப் பழியையும் வானத்தின்மேற் சுமத்தினால், நீரோடும் வழியை அடைத்தோர் தப்பிவிடுவர். வானம் மாறவேயில்லை என்றிருந்தால், பழைய அளவிற் கட்டிய அணையும் பாலமும் நாளைய வெள்ளத்தைத் தாங்கமாட்டா.