சீத்தாப்பழ வியாபாரம்: ஸ்பெயின் சொல்லும் பாடம்

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் ஜவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழக் கூடைகள் இறங்கத் தொடங்கிவிடும். போளூர், ஆரணி, திருவண்ணாமலை என்று பழக்கடைகளிலும் சாலையோரத்திலும் கார்த்திகை வரை இதே காட்சிதான். நம் ஊர்க்காரர்களுக்கு ஆரணி என்றால் பட்டும் அரிசியும் நினைவுக்கு வரும். சீத்தாப்பழத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடையில் வந்து கூடையிலேயே அழுகும் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த அலட்சியத்தால் மலையில் பறித்தவருக்கும் கடையில் விற்றவருக்கும் சேர்ந்தே நட்டம் வருகிறது.

இந்தப் பழம் நம் மண்ணில் பிறந்தது அல்ல. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் தோன்றியது. போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்து, கல்லும் சரளையுமான காட்டில் தண்ணீர் பாய்ச்சாமலே வளரப் பழகிக்கொண்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழம் செரிமோயா. தோல் வழவழப்பாக இருக்கும், கண்கள் துருத்தி நிற்காது, சதை அதிகம். அந்தப் பழம் போய்ச் சேர்ந்த இடம் ஸ்பெயின் நாட்டின் தென்கரை.

மத்தியதரைக் கடலோரத்தில் வெப்பநாட்டுப் பழம்

கிரானடா, மலாகா மாகாணங்களின் கடலோரத்தில் மோத்ரில், அல்முன்யேகார் போன்ற ஊர்கள் இருக்கின்றன. வடக்கே 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த சியரா நெவாடா மலை குளிர்காற்றைத் தடுக்கிறது. தெற்கே கடல் வெப்பத்தைச் சமன்செய்கிறது. ஐரோப்பாவில் இருந்தாலும் உறைபனி அபூர்வமான இடம் என்பதால் செரிமோயா, மா, வெண்ணெய்ப்பழம் எல்லாம் அங்கே விளைகின்றன. ஒரு காலத்தில் அந்தக் கரை முழுவதும் கரும்புதான். அங்கிருந்த கடைசிச் சர்க்கரை ஆலை 2006-ல் மூடப்பட்டது.

இன்று உலகில் செரிமோயா அதிகம் விளைவிக்கும் நாடு ஸ்பெயின். அந்த விவசாயிகள் படும் பாட்டைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். இந்தப் பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் விரியும். தாய்நாட்டில் இதற்கு உதவும் வண்டுகள் அங்கே போதிய அளவில் இல்லை. ஆகவே மகரந்தத்தைச் சேகரித்து, சிறு ஊதுகருவியால் ஒவ்வொரு பூவுக்கும் மனிதரே செலுத்துகிறார்கள். பெரும்பாலும் ‘பீனோ தே ஹேத்தே’ என்ற ஒரே ரகத்தைப் பயிரிடுகிறார்கள். ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் பெற்றிருக்கிறார்கள். நம் ஆரணிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு போன்றதுதான் அது. நம் நாட்டிலேயே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டச் சீத்தாப்பழம் 2016-ல் அந்தக் குறியீட்டைப் பெற்றுவிட்டது.

இவ்வளவு செய்தும் அவர்களால் ஒன்றை வெல்ல முடியவில்லை. பழம் சீக்கிரம் கனிந்துவிடுகிறது, தோல் மெல்லியது, தொட்டாலே கறுக்கிறது. அதனால் பெரும்பகுதி அந்நாட்டுக்குள்ளேயே விற்றுத் தீர்கிறது. கூலிச் செலவு தாங்காமல் பலர் செரிமோயாவை விட்டு மாவுக்கும் வெண்ணெய்ப்பழத்துக்கும் மாறிவிட்டார்கள். தூரத்துச் சந்தையைத் தேடுவதை விட, அருகில் உள்ள சந்தையில் சேதமில்லாமல் விற்பதே இந்த இனத்துப் பழத்துக்கு ஏற்ற வியாபாரம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

சேதாரம் தின்னும் லாபம்

கணக்குக்காக ஓர் உதாரணம் பார்ப்போம். பழம் 10 ரூபாய் வீதம் 100 பழம் வாங்கினால் முதல் 1,000 ரூபாய். பழத்தை 13 ரூபாய்க்கு விற்றால் 3 ரூபாய் லாபம் என்று தோன்றும். அதில் 30 பழம் கெட்டுவிட்டால் மீதி 70 பழத்துக்குக் கல்லாவில் விழுவது 910 ரூபாய்தான். கைமுதலில் 90 ரூபாய் போயிற்று. அடுத்த முறை அந்த நட்டத்தை ஈடுகட்ட மலைக்காரரிடம் அடித்துக் கேட்கிறோம். அவரோ விலை கட்டவில்லை என்று பிஞ்சும் காயுமாகப் பறித்துக் கூடையை நிரப்புகிறார். காய் கனியாமல் கறுத்துச் சுருங்குகிறது. சேதாரம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுற்றை உடைக்க வேண்டியது வாங்கும் இடத்தில்தான்.

கடைக்காரர் கவனத்துக்கு

1. கண்களுக்கு இடையே உள்ள பள்ளம் அகன்று வெளிர்மஞ்சளாக மாறியிருந்தால் அது முற்றிய காய். பள்ளம் பச்சையாக நெருங்கி இருந்தால் வாங்க வேண்டாம். முற்றிய காய்க்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

2. வந்தவுடன் இன்று விற்பது, நாளை விற்பது, மறுநாள் விற்பது என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். கனிந்த பழம் விடும் வாயு அருகில் உள்ள காயையும் பழுக்க வைக்கும் என்பதால் கலந்து வைக்கக் கூடாது.

3. குவிக்காமல் வைக்கோல் அல்லது காகிதம் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள்.

4. காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துச் சரியாகக் கனியாது. கனிந்த பழத்தை மட்டும் ஓரிரு நாள் வைக்கலாம்.

5. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. சீத்தாவுக்கு அது தேவையும் இல்லை. முற்றிய காய் சில நாளில் தானே கனியும்.

6. மிகவும் கனிந்ததைச் சதை எடுத்து உறையவைத்து ஐஸ்கிரீம், பழரசக் கடைகளுக்குக் கொடுக்கலாம். சூடாக்கினால் கசக்கும். இந்தத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். விதை அரைபடக் கூடாது. அதன் தூள் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

நம் கடமை

அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையமும் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் நல்ல ரகங்களைத் தந்திருக்கின்றன. பெங்களூரின் ‘அர்க்கா சஹான்’ ரகத்தில் செரிமோயாவின் வழியும் கலந்திருக்கிறது. அவை மலையடிவாரத்துக்கு வந்து காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். முற்றிய காய்க்குத் தனி விலை என்ற வழக்கத்தை வரும் ஆவணியிலேயே தொடங்கலாம். ஒரு கடைக்காரர் மட்டும் செய்தால் நிலைக்காது. கடைத்தெருவே சேர்ந்து செய்தால் மலைக்காரர் காத்திருந்து பறிப்பார், நம் சரக்கும் தேறும். ஒரு புடவையின் இழையும் சரிகையும் பார்த்துத் தரம் பிரித்து விலை சொல்லத் தெரிந்த ஊர் இது. ஒரு கூடைப் பழத்தைத் தரம் பிரிக்க நமக்குத் தெரியாதா என்ன?