குதிரையோட நாலு காலும் எங்கே இருக்கு?

பாரிஸ்ல, லூவ்ர் அருங்காட்சியகத்துல ஒரு ஓவியம் இருக்கு. தெயோதோர் ஜெரிக்கோ 1821-ல வரைஞ்ச எப்சம் குதிரைப் பந்தயம். கேக்குறத ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, போன்ல தேடிப் பாருங்க. முன்னங்கால் முன்னாடி, பின்னங்கால் பின்னாடி நீட்டிக்கிட்டு, குதிரைங்க அப்படியே காத்துல மிதக்கும்.

எந்தக் குதிரையும் இப்படி ஓடாது. இத்தனைக்கும் ஜெரிக்கோ குதிரைன்னா உயிரை விடுற ஆள், நல்லா சவாரி பண்றவர். அவரால பாக்க முடியாததுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்ல. நாலுகால் பாய்ச்சல்ல ஓடுற காலைத் தனித்தனியா பிரிச்சுப் பாக்குற வேகம் மனுஷக் கண்ணுக்குக் கிடையாது.

1878 ஜூன். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ. ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டோட குதிரைப் பண்ணை. எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதை ஓரமா 12 கேமராவை வரிசையா வெச்சார். பாதைக்குக் குறுக்கே நூல் கட்டினார். குதிரை ஓடி வர வர நூல் ஒண்ணொண்ணா அறுந்து, அந்தந்த கேமரா படம் எடுத்தது. நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புறது உண்மைதான். ஆனா நீட்டினபடி இல்ல, வயித்துக்கு அடியில மடங்கிச் சேர்ந்தபடி!

எட்கர் தெகா அந்தப் படங்களைப் பாத்து வரைஞ்சு பழகினார். அதுக்கப்புறம் அவரோட குதிரைகளே மாறிப்போச்சு. சிற்பி ரோதான் மட்டும் ஒத்துக்கல. நிஜத்துல நேரம் நிக்கிறதே இல்ல, அதை நிறுத்திக் காட்டுற போட்டோதான் பொய், ஜெரிக்கோ வரைஞ்சதுதான் உண்மைன்னு வாதாடினார்.

எனக்கு ரோதான் பாதி சரின்னு தோணுது. மைபிரிட்ஜ் படத்துல ஒண்ணை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க, குதிரை தடுக்கி விழப்போற மாதிரி இருக்கும். வேகமே தெரியாது. ஆனா கேமரா காட்டினதைப் பாத்துப் பழகிட்ட நம்ம கண்ணுக்கு, ஜெரிக்கோ குதிரையும் இனி இயல்பா தெரியாது. அந்தப் பழைய கண்ணு நமக்குத் திரும்பக் கிடைக்காது.

மைபிரிட்ஜுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1879-ல, படங்களை ஓட வெச்சுத் திரையில காட்ட ஸூப்ராக்ஸிஸ்கோப்னு ஒரு கருவி செஞ்சார். அதுல சுத்துன கண்ணாடித் தட்டுகள்ல இருந்தது போட்டோ இல்ல, போட்டோவைப் பாத்துக் கையால வரைஞ்ச குதிரைகள். அந்தக் கருவி உருவத்தை ஒடுக்கிக் காட்டும். அதனால திரையில சரியா தெரியணும்னு, குதிரைகளை வேணும்னே நீட்டி வரைஞ்சாங்க.